சுமைதாங்கி சொல்லும் வரலாறு

முப்பது கிலோ நெல் மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு ஒருவர் மேடுபள்ளம் இல்லாத சாலையில் பத்துக் கிலோமீட்டர் நடக்கிறார். மூட்டையின் எடைக்கு எதிராக அவர் செய்த வேலை எவ்வளவு? இயற்பியல் பாடநூல் தரும் விடை: சுழி. மூட்டை உயரவும் இல்லை, தாழவும் இல்லை அல்லவா?

வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. எடையைத் தாங்கும் தசை இழைகள், நாம் அசையாமல் நின்றாலும் ஓயாமல் சுருங்கி ஆற்றலைச் செலவழிக்கின்றன. ஆகவே வேலை சுழியானாலும் களைப்பு சுழி ஆகாது. இந்த உண்மையைச் சூத்திரம் எதுவும் இல்லாமலே உணர்ந்தவர்கள் நம் சாலையோரங்களில் கல் நட்டு வைத்தார்கள். அக்கல்லைத் தேடித் தாமிரபரணிக் கரையோரமாகச் சற்று நடந்து வருவோமா?

நடந்தவர்களின் நாடு

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கி.மீ. பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என அதன் கரையில் ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. நவகைலாயங்களும் நவதிருப்பதிகளும் இப்பள்ளத்தாக்கில் இருப்பதால் அடியார்கள் நடந்தார்கள்; வணிகரும் உழவரும் சுமையோடு நடந்தார்கள். நாளொன்றுக்கு 25 கி.மீ. என்று கொண்டால், மலையிலிருந்து கடல்வரை ஐந்து நாள் நடை.

வடக்கிலிருந்து வருவோருக்கு மதுரைச் சாலை இருந்தது. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகள் அமைத்து, மரங்கள் நட்டு, சத்திரங்கள் கட்டியதாக வரலாறு கூறுகிறது. தென்மாவட்டங்களில் பழைய வழிகளை 'மங்கம்மாள் சாலை' என்று மக்கள் இன்றும் அழைக்கின்றனர்.

நிழல், நீர், கூரை

வழிநடப்பவனுக்கு வேண்டியவை நான்கு: நிழல், நீர், உணவு, இரவில் படுக்க ஓர் இடம். நிழலுக்கு மருதமும் ஆலும் புளியும் இருந்தன. படுக்கக் கல்மண்டபங்கள் இருந்தன. பருமனான கற்பலகைகள் வெப்பத்தை மெதுவாகவே ஏற்கும். அதனால் உச்சிவெயிலிலும் மண்டபத்தின் உட்புறம் உடனே சூடேறுவதில்லை. சுவரில்லாத தூண்களுக்கிடையே ஆற்றுக்காற்றும் தடையின்றி வீசும்.

நீருக்குத் தண்ணீர்ப்பந்தல். மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, கிராமுக்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. பத்து லிட்டர் பானையிலிருந்து 200 கிராம் நீர் ஆவியானால் போகும் வெப்பம் 1,16,000 கலோரி. வெளியிலிருந்து வெப்பம் புகாதிருந்தால் பானை நீர் 11 டிகிரிக்கு மேல் குளிர வேண்டும். நடைமுறையில் காற்றிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருப்பதால் அவ்வளவு குளிராது. ஆயினும் தாகத்துக்கு அது போதும்.

உணவுக்குச் சத்திரம். இங்கே ஓர் உண்மையை மறைக்கலாகாது. எல்லாச் சத்திரங்களும் எல்லோருக்கும் சோறிடவில்லை. சாதி பார்த்தே பல இடங்களில் இலை போட்டார்கள். சிலருக்கு வாசற்படியே எல்லையாக இருந்தது. பழைய அறச்செயல்களைப் போற்றும்போது இந்தக் குறையையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

கல்லில் ஒரு கணக்கு

இனிச் சுமைதாங்கிக்கு வருவோம். இரண்டு கற்களைச் செங்குத்தாக நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காக வைத்தால் சுமைதாங்கி ஆயிற்று. உயரம் நான்கு அல்லது ஐந்து அடி இருக்கும். ஏன் இந்த உயரம்?

1.6 மீட்டர் உயரத்தில், அதாவது தலைமேல், முப்பது கிலோ சுமை இருக்கிறது. அதைத் தரையில் இறக்கிவிட்டால் மீண்டும் தலைக்கு ஏற்ற 30 × 9.8 × 1.6, அதாவது ஏறத்தாழ 470 ஜூல் வேலை செய்ய வேண்டும். குனிந்து நிமிரும் உடலின் எடை வேறு. தூக்கிவிட இன்னொருவர் கையும் தேவை. 1.4 மீட்டர் உயரமுள்ள கல்லில் இறக்கினாலோ, மீண்டும் ஏற்ற 59 ஜூல் போதும். எட்டில் ஒரு பங்கு! ஆளில்லாத காட்டுவழியிலும் ஒருவர் தாமே இறக்கி, இளைப்பாறி, தாமே ஏற்றிக்கொள்ளலாம்.

இக்கல்லை நட்டவர் யார்? கருவுற்ற நிலையிலோ பிள்ளைப்பேற்றிலோ ஒரு பெண் இறந்துவிட்டால், அவள் நினைவாகக் குடும்பத்தார் சுமைதாங்கி நிறுவுவது தமிழ்நாட்டு மரபு. வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளின் பெயரால், வழிப்போக்கரின் சுமை இறங்கட்டும் என்பது அதன் பொருள். அப்படியானால் சுமைதாங்கிகள் வெறும் பயண வசதிகள் அல்ல. மருத்துவம் எட்டாத காலத்தில் தாய்மார் எப்படி மடிந்தார்கள் என்பதைச் சொல்லும் கல்லேடுகளும் ஆகும். வாசகர்களே, அடுத்தமுறை ஒன்றைக் கண்டால் சற்று நின்று பாருங்கள்.

வழி மாறியது

நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டச்செய்த பாலம் 1843இல் திறக்கப்பட்டது. அதற்குமுன் வெள்ளக் காலத்தில் ஆற்றைக் கடப்பது உயிருக்குத் துணிந்த செயல். 1876இல் தூத்துக்குடிவரை ரயில் வந்தது. பின்னர் பேருந்தும் வந்தது. நடப்பவர் குறைந்தனர்; மண்டபங்கள் பாழடைந்தன. சாலைகள் அகலமானபோது பழைய மரங்களும் சுமைதாங்கிகளும் பல இடங்களில் மறைந்தன.

ஆனால் மரபு முற்றும் அற்றுப்போகவில்லை. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை செல்வோருக்கு இன்றும் வழியெங்கும் மக்கள் நீர்மோரும் சோறும் தருகின்றனர்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் எல்லையில் சுமைதாங்கி இருக்கிறதா? அளவுநாடா எடுத்துச் சென்று அதன் உயரத்தை அளவிடுங்கள். எழுத்து ஏதேனும் இருந்தால் படி எடுங்கள். யார் நினைவாக நட்டது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். கல் பெயர்க்கப்பட்ட பிறகு அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்ல உங்கள் குறிப்பேடு மட்டுமே மிஞ்சக்கூடும்.