முடி சூடாத ஆட்சியாளர்கள்: கோண்டோரின் ஸ்டூவர்ட்கள்

ஆங்கில எழுத்தாளர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் (1892–1973) எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் வரும் கற்பனை நாடு கோண்டோர். அந்நாட்டை 969 ஆண்டுகள் ஆண்டவர்கள் அரசர்கள் அல்லர், ஸ்டூவர்ட்கள். அரண்மனைப் பொறுப்பைக் கவனிப்பவர் என்பது அச்சொல்லின் பொருள். தமிழகத்து ஜமீன்களில் காரியஸ்தர் எனப்பட்டவரை இதனோடு ஒப்பிடலாம். 26 பேர் வழிவழியாக இப்பட்டத்தில் இருந்தனர். படை நடத்தினர், உடன்படிக்கை செய்தனர், நாட்டின் ஒரு பகுதியையே பிறருக்கு வழங்கினர். ஆனால் அவர்களில் ஒருவரும் முடி சூடவில்லை.

2003ஆம் ஆண்டுத் திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்குக் கடைசி ஸ்டூவர்ட் டெனெதோர், பித்துப் பிடித்த கிழவராகவே நினைவில் இருப்பார். அவர் அரகோர்னை ஏற்க மறுத்ததற்குப் பின்னால் ஆயிரம் ஆண்டுப் பழைய வழக்கு ஒன்று உண்டு. அது நாவலின் மூன்றாம் தொகுதியின் (1955) பின்னிணைப்புகளில் ஆண்டுக் கணக்கோடு பதிவாகியுள்ளது.

அரியணை காலியான வரலாறு

எலெண்டில் என்ற பேரரசரின் மக்கள் இசில்தூர், அனாரியோன். தெற்கே கோண்டோர் அனாரியோனின் மரபுக்கும், வடக்கே ஆர்னோர் இசில்தூரின் மரபுக்கும் உரியதாயிற்று. மூன்றாம் யுகம் 1944இல் கோண்டோர் அரசர் ஒண்டோஹரும் அவருடைய இரு மகன்களும் போரில் இறந்தனர். வடக்கு இளவரசர் அர்வெதுயி அப்போது இரண்டு காரணங்களைக் காட்டி முடியைக் கோரினார். தாம் இசில்தூரின் வாரிசு என்பது ஒன்று. தம் மனைவி ஃபீரியெல் ஒண்டோஹரின் மகள் என்பது மற்றொன்று. ஆணோ பெண்ணோ, மூத்த பிள்ளைக்கே செங்கோல் என்ற முன்னோர் சட்டத்தையும் அவர் நினைவூட்டினார்.

கோண்டோரின் அரசவை, ஸ்டூவர்ட் பெலெண்டூரின் தலைமையில், இக்கோரிக்கையை மறுத்தது. கோண்டோரின் முடி அனாரியோன் வழிவந்தோருக்கு மட்டுமே என்றது. பழைய சட்டத்தைப் பற்றிய கேள்விக்கு அது விடையே சொல்லவில்லை. போரில் வென்று வந்த தளபதி எயார்னில் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருக்கு 1945இல் முடி சூட்டப்பட்டது. அவருடைய மகன் எயார்னூருக்குப் பிள்ளைகள் இல்லை. எதிரியின் சவாலை ஏற்று 2050இல் மினாஸ் மோர்குல் கோட்டைக்குக் குதிரையில் சென்றவர் திரும்பவே இல்லை.

அவர் இறந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. புதிய அரசரைத் தேர்ந்தெடுக்கவும் துணிவில்லை. 1432இல் தொடங்கிய அரசுரிமைப் போரில் உறவினரே ஒருவரையொருவர் கொன்றனர். 1437இல் தலைநகர் ஓஸ்கிலியாத் எரிந்தது. அந்த அழிவை நாடு மறக்கவில்லை. அரச இரத்தம் சிறிதளவு உள்ளவர்கள் பலர் இருந்தும், எல்லோரும் ஏற்கும் ஒருவர் கிடைக்கவில்லை. ஆகவே பெலெண்டூரின் வழியில் வந்த மார்டில், அரசர் திரும்பும்வரை என்ற உறுதிமொழியோடு ஆட்சியை ஏற்றார். இதைப் பணிவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அரியணை காலியாக இருந்தவரை அதற்காக யாரும் வாளெடுக்கவில்லை.

வெள்ளைக் கோலும் கறுப்பு நாற்காலியும்

பட்டத்தின் எல்லை கண்ணுக்குத் தெரியும்படியே வைக்கப்பட்டிருந்தது. மினாஸ் திரித் அரண்மனையில் அரியணை உயரமான மேடைமேல் இருந்தது. ஸ்டூவர்ட், படிகளின் அடியில் கறுப்பு நிற நாற்காலியில் அமர்ந்தார். கையில் செங்கோல் கிடையாது, வெள்ளைக் கோல் மட்டுமே. அரசக் கொடியில் கறுப்பு நிறத்தின்மீது வெள்ளை மரமும் விண்மீன்களும் இருந்தன. ஸ்டூவர்ட்களின் கொடியோ சின்னமே இல்லாத வெறும் வெள்ளை. மார்டிலுக்குப் பின் வந்தவர்கள், அரசர்கள் சூடிய உயர் எல்ஃப் மொழிப் பெயர்களையும் கைவிட்டனர்.

இந்த அடக்கத்துக்கு நடுவே ஒரு விந்தையும் நடந்தது. 2510இல் தமக்குப் போரில் உதவிய எயோர்லுக்கு ஸ்டூவர்ட் கிரியோன் கலெனார்தோன் மாகாணத்தை வழங்கினார். அதுவே ரோஹன் நாடாகி, எயோர்ல் அதன் முதல் அரசரானார். கொடுத்தவர் முடியில்லாதவர், பெற்றவரோ முடியரசர். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் நாவலின் கதை நடக்கும்போதும் ரோஹனின் தேயோடெனே ‘அரசர்’. அவரைவிடப் பெரிய நாட்டை ஆளும் டெனெதோர் ‘ஸ்டூவர்ட்’தான்.

டெனெதோரின் மூத்த மகன் போரோமிருக்குச் சிறுவயதிலேயே இது உறுத்தியது. அரசர் திரும்பாவிட்டால், ஸ்டூவர்ட் அரசராக எத்தனை நூறு ஆண்டுகள் ஆகும் என்று தந்தையிடம் கேட்டான். வேறு நாடுகளில் சில ஆண்டுகளே போதும், கோண்டோரில் பத்தாயிரம் ஆண்டுகளும் போதாது என்பது டெனெதோரின் பதில். ‘வேறு நாடுகள்’ நம் உலக வரலாற்றில் உண்டு. பிராங்குகளின் அரண்மனைத் தலைவர் பெப்பின் 751இல் தம் அரசரை மடத்துக்கு அனுப்பிவிட்டு முடிசூடினார். ஸ்காட்லாந்தின் பரம்பரை ஸ்டூவர்ட்கள், இளவரசி ஒருத்தியை மணந்த வழியில் 1371இல் அரசர்களாயினர். பதவிப் பெயரே அரசமரபின் பெயராக நிலைத்தது.

வடக்கில் நடந்தது

வடக்கே நிலைமை தலைகீழ். அர்வெதுயி 1975இல் இறந்தபின் அங்கு நாடே இல்லை. அவருடைய மகன் அரச பட்டத்தை விட்டுத் ‘தலைவர்’ என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த வரிசையில் 16ஆவது தலைவரே அரகோர்ன். தெற்கில் உரிமையில்லாத அதிகாரம், வடக்கில் அதிகாரமில்லாத உரிமை. ஹாபிட்டுகளும் இல்லாத அரசரின் இடத்தைக் காக்க 1979இல் ‘தேய்ன்’ என்ற பதவியை உருவாக்கினர்.

ஹாபிட்டுகளின் பேச்சில் மரியாதைப் பன்மை வழக்கொழிந்திருந்தது. தேய்ன் குடும்பத்துப் பிள்ளை பிப்பின், மினாஸ் திரித் வந்த புதிதில் டெனெதோரையே ‘நீ’ என்று ஒருமையில் பேசினான். வேலையாட்கள் திகைத்தனர். இவன் பெரிய இளவரசனாக இருக்க வேண்டும் என்ற வதந்தி பரவ அதுவும் ஒரு காரணம். பின்னிணைப்பில் டோல்கீன் சொல்லும் இந்தச் செய்தியை ஆங்கிலத்தில் காட்ட இயலாது. ‘நீ’, ‘நீங்கள்’ உள்ள தமிழில் எளிதாகக் காட்டலாம்.

இரண்டாவது மறுப்பு

3019 மார்ச்சில் டெனெதோர், உரிமை நிறுவப்பட்டாலும் அரகோர்ன் இசில்தூரின் மரபினர்தானே, தாம் அனாரியோன் மரபின் ஸ்டூவர்ட் என்று மறுத்தார். 1944இல் பெலெண்டூரின் அவை சொன்ன அதே விடை. காவலுக்கு வைத்த பொருளைக் காவலர் தம் சொத்தாக எண்ணத் தொடங்கிவிட்டார் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. அன்றே அவர் தீயில் இறங்கி மாண்டார்.

அரகோர்ன் தம் உரிமையைச் சொல்லி நகருக்குள் நுழையவில்லை. போர் முடியும்வரை வெளியே கூடாரத்தில் தங்கினார். முடிசூட்டு நாளில் இளைய மகன் ஃபாரமிர் வெள்ளைக் கோலை ஒப்படைக்க வந்தார். அரகோர்ன் அதை அவரிடமே திருப்பித் தந்தார். பின்னர் ஃபாரமிர், இவர் அரசராகலாமா என்று கூடியிருந்த மக்களிடம் கேட்டார். மக்கள் ஆம் என்றனர். ஃபாரமிர் இதிலியன் பகுதியின் இளவரசராகவும் ஆக்கப்பட்டார். ஸ்டூவர்ட் பதவி அவர் வழியினருக்கே தொடர்ந்தது.