ஜூடோ களத்தில் ஒரு மணிப்பூர் பெண்: சுசீலா தேவியின் பயணமும் நம் வீட்டுக் கேள்விகளும்

ஆரணியில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளரும் பெண் பிள்ளை ஒருத்தி, பள்ளியில் ஜூடோ சேரட்டுமா என்று வீட்டில் கேட்டால் என்ன பதில் வரும் என்று நமக்குத் தெரியும். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த அடிதடி?" என்பது முதல் பதில். உடை என்னம்மா, தலையை மறைக்க விடுவார்களா என்பது அடுத்து வரும் கேள்வி. இரண்டாவது கேள்வி நியாயமானது. முதலாவது, ஜூடோவைப் பற்றி நாம் அறியாததால் வருவது.

ஜூடோவில் குத்தும் கிடையாது, உதையும் கிடையாது. 1882-இல் டோக்கியோவில் ஜிகோரோ கானோ என்ற ஆசிரியர் வகுத்த கலை இது. எதிராளியின் சட்டையைப் பிடித்து, அவர் நிலை தடுமாறும் கணத்தில் முதுகு தரையில் படும்படி வீழ்த்த வேண்டும். சுத்தமாக வீழ்த்தினால் 'இப்போன்', ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். அதற்கு அடுத்த நிலைப் புள்ளி 'வாசா-ஆரி'. தரையில் 20 விநாடி அழுத்திப் பிடித்தாலும் வெற்றிதான். ஓர் ஆட்டத்துக்கு 4 நிமிடம். சமநிலையில் முடிந்தால், முதல் புள்ளி எடுப்பவர் வெல்லும் கூடுதல் நேரம் உண்டு. பெண்கள் பெண்களோடு மட்டுமே மோதுவார்கள், அதுவும் தத்தம் எடைப் பிரிவில். அந்தச் சட்டைத் துணியை நம் ஊர் நெசவாளர் யாராவது கையில் எடுத்தால் ரசித்துப் பார்ப்பார். அரிசி மணி பதித்ததுபோல் புடைத்த தடித்த பருத்தி நெசவு, எவ்வளவு இழுத்தாலும் தாங்கும்.

நம் நாட்டுப் பெண்களில் இந்த விளையாட்டில் நீண்ட காலம் நின்றவர் லிக்மாபாம் சுசீலா தேவி. 1995 பிப்ரவரி 1 அன்று மணிப்பூரின் கிழக்கு இம்பால் மாவட்டத்தில் ஹெய்ங்காங் என்ற ஊரில் பிறந்தவர். மணிப்பூரும் நம்மைப் போலத் தறி ஓடும் நாடுதான். அங்கே பெரும்பாலும் பெண்களே வீட்டில் நெய்கிறார்கள். 2002-இல், ஏழு வயதில், இவரை ஜூடோவுக்கு அழைத்துப் போனவர் சொந்த மாமா. அவரும் சர்வதேசப் போட்டிகளில் ஆடியவர். பிறகு இம்பாலில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம், அதன் பின் பாட்டியாலா. அங்கே ஜீவன் சர்மா பயிற்சியாளராக அமைந்தார். ஆடியது பெண்களுக்கான மிகக் குறைந்த எடைப் பிரிவான 48 கிலோ.

2014 ஜூலையில் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியின் இறுதிச் சுற்று வரை வந்தார். உள்ளூர் வீராங்கனையான ஸ்காட்லாந்தின் கிம்பர்லி ரெனிக்ஸிடம் தோற்று வெள்ளி பெற்றபோது வயது 19. அதே போட்டியில் 52 கிலோவில் வெண்கலம் வாங்கிய கல்பனா தேவியும் மணிப்பூர்க்காரர்.

அதற்குப் பிந்தைய ஆண்டுகள்தாம் நாம் கவனிக்க வேண்டியவை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் இவருக்கு இடம் கிடைக்கவில்லை. இந்திய ஜூடோவிலிருந்து ஆண்கள் பிரிவில் அவதார் சிங் மட்டும் போனார். 2018-இல் தொடைத் தசைக் காயத்தால் ஆசிய விளையாட்டும் போயிற்று. 2021 ஏப்ரலில் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் ஒலிம்பிக் தகுதிக்கான ஆசிய-ஓசியானியப் போட்டி. அணியில் இருவருக்குக் கொரோனா உறுதியானதால் இந்திய அணி முழுவதும் விலக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கான உழைப்பு விடுதி அறையில் முடங்கியது. ஆனாலும் முந்தைய போட்டிகளில் சேர்த்திருந்த தரப் புள்ளிகள் கைகொடுத்தன. ஆசியக் கண்டத்துக்கான ஒதுக்கீட்டில் டோக்கியோ சென்றார். அந்த ஒலிம்பிக்கில் ஜூடோவில் இந்தியாவின் ஒரே போட்டியாளர் அவர்தான்.

2021 ஜூலை 24 அன்று முதல் ஆட்டத்திலேயே ஹங்கேரியின் ஏவா செர்னோவிஸ்கியிடம் தோற்றார். எதிராளி 2012 லண்டனில் வெண்கலம் வென்றவர். முதல் சுற்றிலேயே வெளியேறினார் என்று ஒரு வரியில் செய்தி போட்டு முடித்துவிடுவது எளிது. அந்த மேடையில் ஏறுவதற்கு 19 ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்!

அடுத்த ஆண்டே பர்மிங்காம் காமன்வெல்த். 2022 ஆகஸ்ட் 1 அன்று அரையிறுதியில் மொரிஷியஸின் பிரிசில்லா மோரன்டை இப்போனில் வென்றார். இறுதியில் தென்னாப்பிரிக்காவின் மிக்கேலா வைட்பூயுடன் ஆடி, கூடுதல் நேரத்தில் ஒரே ஒரு வாசா-ஆரியில் தங்கத்தை இழந்தார். மீண்டும் வெள்ளி. அதே மாதம் சாராயெவோவில் நடந்த இளையோருக்கான உலகப் போட்டியில், 57 கிலோ பிரிவில் இன்னொரு மணிப்பூர்ப் பெண் லின்தோய் சனம்பாம் தங்கம் வென்றார். எந்த வயதுப் பிரிவிலும் ஜூடோவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. ஒரு மாநிலத்தில் அக்காக்கள் ஆடினால் தங்கைகள் தாமாக வருகிறார்கள்.

இனி உடை. ஜூடோ உடை கணுக்கால் வரை கால்சட்டை, மணிக்கட்டு வரை கை உள்ள தளர்ந்த மேற்சட்டை, பெண்களுக்கு உள்ளே வெள்ளை பனியன். பல விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் இது நமக்கு மிகவும் இணக்கமான உடை. சிக்கல் தலைத்துணியில் மட்டும்தான். கழுத்தை நெரிக்கும் பிடிகள் ஜூடோவில் அனுமதிக்கப்பட்டவை. தளர்ந்த துணி கழுத்தில் சுற்றிக்கொண்டால் ஆபத்து என்பது நடுவர்களின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

2012 லண்டனில் சவூதி அரேபியா முதன்முறையாகப் பெண்களை ஒலிம்பிக்குக்கு அனுப்பியது. அவர்களில் ஒருவர் 16 வயது வுஜ்தான் ஷஹர்கானி. அவருடைய தந்தை ஜூடோ நடுவர். ஹிஜாபோடு ஆட முடியாது என்று சர்வதேச ஜூடோ சம்மேளனம் முதலில் சொன்னது. பேச்சுவார்த்தைக்குப் பின் தலையை ஒட்டிய கறுப்புத் தொப்பி அணிந்து களமிறங்கினார். புவெர்ட்டோ ரிகோவின் மெலிசா மோகிகாவிடம் 82 விநாடியில் தோற்றார். ஆனாலும் வழி ஒன்று இருக்கிறது என்பது உலகுக்குத் தெரிந்தது.

தெரிந்தும் பயனில்லை. 2018 அக்டோபரில் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில், இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தைச் சேர்ந்த பார்வைக் குறைபாடுள்ள வீராங்கனை மிஃப்தாஹுல் ஜன்னாவிடம் ஹிஜாபைக் கழற்றச் சொன்னார்கள். அவர் மறுத்தார். ஆடாமலேயே தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அதுவும் சொந்த நாட்டில், உலகிலேயே முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாடுகளின் வரிசையில் முன்னே நிற்கும் நாட்டில்! கால்பந்துச் சம்மேளனம் 2014-இலும் கூடைப்பந்துச் சம்மேளனம் 2017-இலும் தலைமறைப்பை அனுமதித்து விதியைத் திருத்தின. லண்டனில் ஒருவருக்குக் கொடுத்த தொப்பியை ஜகார்த்தாவில் இன்னொருவருக்கு மறுத்தது நியாயமாக நமக்குப் படவில்லை.

மார்க்கத் தீர்ப்பு சொல்வது இக்கட்டுரையின் வேலை அல்ல. அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருப்பது பலருக்கும் தெரியும். ருகானாவோடு மல்யுத்தம் செய்த செய்தியும் அதே நூலில் உண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசை பற்றி அறிஞர்களிடையே பேச்சு இருக்கிறது.

சிறிய ஊரால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்குக் கொசோவோவின் பெயா நகரைக் காட்டலாம். மக்களில் பெரும்பான்மையினர் முஸ்லிம்களான நாடு அது. போரில் சிதைந்து எழுந்தது. டிரிடான் குக்கா என்ற ஒரே பயிற்சியாளரின் கூடத்திலிருந்து வந்த மஜ்லிண்டா கெல்மெண்டி, 2012-இல் தன் நாட்டுக்கு ஒலிம்பிக் அங்கீகாரம் இல்லாததால் அல்பேனியாவின் பெயரில் ஆடினார். 2016 ரியோவில் சொந்தக் கொடியை ஏந்திச் சென்று 52 கிலோவில் தங்கம் வென்றார். கொசோவோவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. டோக்கியோவில் அதே கூடத்தின் டிஸ்ட்ரியா கிராஸ்னிச்சி, நோரா ஜாகோவா இருவரும் தங்கம் வென்றார்கள்.

சுசீலாவுக்கு மாமா, வுஜ்தானுக்கு வாப்பா, கெல்மெண்டிக்கு ஊரிலேயே ஒரு பயிற்சியாளர். பிள்ளையின் ஆசையை விட, கூட்டிக்கொண்டு போக ஒரு பெரியவர் இருந்தாரா என்பதுதான் இந்தக் கதைகளில் முன்னே நிற்கிறது. நம் வீடுகளில் ஆசைக்குக் குறைவில்லை. கூட்டிக்கொண்டு போகும் ஆள்தான் இல்லை.

சேர்க்க நினைக்கும் பெற்றோர் முதலில் பயிற்சிக் கூடத்தை நேரில் போய்ப் பார்க்கட்டும். தரையில் முறையான மெத்தை விரிப்பு இருக்கிறதா, பெண் பயிற்சியாளரோ உதவியாளரோ உண்டா, பெண்களுக்குத் தனி நேரம் தருவார்களா என்று கேளுங்கள். முதல் சில வாரங்கள் அடிபடாமல் விழுவதை மட்டும் கற்றுத்தரும் கூடம் நல்ல கூடம். முதல் நாளே எறியச் சொல்லும் இடத்தில் விட வேண்டாம். தலைமறைப்பு பற்றி, போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே அமைப்பாளர்களுக்கு எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கி, நகலைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புங்கள்.