மன்றமும் கல்லெழுத்தும்

ஊர் என்பது வீடுகளின் தொகுதி மாத்திரம் அன்று. கோயிலும் குளமும் மன்றமும் உடன் கூடியதே ஊர். ஊரார் ஒருங்கு கூடும் இடத்தை மன்றம் என்றும், பொதியில் என்றும், அம்பலம் என்றும் முன்னோர் வழங்கினர். தில்லையில் இறைவன் ஆடல் புரியும் இடமும் அம்பலம் என்றே பெயர் பெற்றது. பொதுவிடத்தை நம்மவர் எத்துணை உயர்வாகக் கருதினர் என்பது இதனாற் புலனாகும்.

அத்தகைய மன்றங்களுள் புகழ் மிக்கது, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிலாக விளங்கும் சபா மண்டபம். முதற் பராந்தக சோழனது 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921இல், சபையார் வகுத்த குடவோலை விதிகள் அதன் சுவரிற் பொறிக்கப் பெற்றுள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையார் பெயரோலைகளைக் குடத்திலிட்டு, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஏரி வாரியத்துக்கு 6 பேர். முதல் விதியில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயதெல்லையை, இரண்டே ஆண்டுகளில் 35 முதல் 70 வரை என மாற்றி, அதனையும் கல்லில் வைத்தனர். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் சுற்றத்தாரும் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர். நிலமும் மறைக்கல்வியும் உடையார்க்கே இவ்வுரிமை இருந்தது என்பதையும் அக்கல்லே ஒளியாது உரைக்கின்றது. அச்சுவர் சிதைந்திருப்பின் இவற்றுள் ஒன்றையேனும் நாம் அறிந்திருப்போமா?

பழமையான மண்டபத்தைப் புதுக்குவோர்க்கு வழிகாட்டியாக நிற்பது திருமழபாடி. மூவர் பாடலும் பெற்ற அத்தலத்து விமானத்தைப் புதிதாக எடுக்குமாறு முதலாம் இராசராசன் தனது 28ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1013 அளவில், ஆணையிட்டான். சுவரைப் பிரிக்கு முன், அதிலிருந்த கல்வெட்டுக்கள் அனைத்தையும் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். முதலாம் இராசேந்திரனது 14ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1026 அளவில், அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. பேரரசனாயினும், தனக்கு முன்னிருந்தார் செய்த அறத்தை மறைத்துத் தன் பெயரை நிறுத்த அவன் கருதிற்றிலன்.

நம் ஊர்களிலோ, திருப்பணி என்ற நற்பெயராலேயே கல்லெழுத்து அழிந்ததுண்டு. மணலை விசையுடன் பீய்ச்சித் தூண்களைத் துலக்குங்கால் எழுத்தும் உடன் தேய்கின்றது. சுண்ணமும் வண்ணமும் பலகாற் பூச, எழுத்துப் பள்ளங்கள் தூர்கின்றன. புதிய உபயக்காரர் பெயர் பொறித்த பளிங்குப் பலகை பழைய உபயக்காரர் பெயர்மேற் பதிகின்றது. ஒரு விளக்கெரிக்க ஆடு அளித்தாரும், நந்தவனத்துக்கு நிலம் விட்டாரும் இவ்வாறு இரண்டாம் முறை மறைகின்றனர்.

ஆதலின், ஊர் மண்டபத்தைப் புதுக்கப் பொருள் ஈயும் அன்பர்கள் மூன்றினை மனங்கொள்க. கல்வெட்டறிந்தார் படியெடுத்த பின்னரே பணி தொடங்குக. எழுத்துள்ள கல்லை இடம் பெயர்க்க நேரின் எண்ணிட்டு, முன்னிருந்த வரிசையிலேயே சேர்க்க. தம் பெயரை எழுத்தில்லாக் கல்லிற் பொறிக்க. முன்னோர் தருமத்தைக் காப்பவர் தருமத்தையே பின்னோரும் காப்பர். மண்டபம் புதிதாகுக, அதன் வாக்குப் பழையதாகவே நிலைபெறுக.