முதியோர் தனிமையும் விழுதல் இடரும்

முதியோர் தனிமையும் விழுதல் இடரும் என்பது, பிறருடன் தொடர்பு குன்றி வாழும் முதியவர்கள் தவறி விழுந்து காயமுறும் வாய்ப்பு மிகுவதைக் குறித்த முதுமையியல் ஆய்வுப் பொருளாகும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுதலால் இறக்கின்றனர். இவர்களுள் 60 அகவையைக் கடந்தோரே மிகுதி.

சமூகத் தனிமை என்பது உடன் வாழ்வோரும் வந்து போவோரும் குறைந்திருக்கும் புறநிலை ஆகும். தனிமையுணர்வு அகநிலை சார்ந்தது. கூட்டுக்குடும்பத்தின் நடுவிலும் ஒருவர் அதனை உணரலாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை. 2020ஆம் ஆண்டில் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், உடல்நலம், வாழ்க்கைமுறை போன்ற வேறுபாடுகளைக் கணக்கிலெடுத்தபோது தனிமையுணர்வுக்கும் விழுதலுக்குமான தொடர்பு மறைந்தது. தனித்து வாழ்தலுக்கும் விழுதலுக்குமான தொடர்போ நிலைத்து நின்றது. எனினும் இது தொடர்பு மட்டுமே. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என இதனால் நிறுவப்படவில்லை.

ஊர்ச் சூழல்

இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள ஆர்.எஸ்.மங்கலம் (இராசசிங்கமங்கலம்), பெரிய கண்மாயையும் பருவமழையையும் நம்பிய வேளாண் பகுதியாகும். இம்மாவட்டத்து இளையோர் பலர் சென்னை, வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா எனப் பிழைப்புக்குச் செல்கின்றனர். பெற்றோர் மட்டும் தங்கிய வீடுகளுக்குப் பணமும் தொலைபேசி அழைப்பும் தவறாமல் வரலாம். ஆனால் எரியாத விளக்கை மாற்றவும், பாசி படிந்த முற்றத்தைத் தேய்க்கவும், கண்புரை முற்றியதைக் கவனிக்கவும் அருகில் ஆள் இருப்பதில்லை. முதியவரே முக்காலியில் ஏற நேர்கிறது. வெளியே செல்லும் தேவை குறையக் குறையக் கால்தசை வலுவிழக்கும். ஒருமுறை விழுந்தவர் அச்சத்தால் மேலும் வீட்டுக்குள் ஒடுங்குவதால் தனிமையும் வளர்கிறது.

விழுந்த பின்

தனித்திருப்போருக்கு விழுதலைவிட, எழ இயலாமல் நெடுநேரம் தரையில் கிடப்பதே பெருங்கேடாக முடிவதுண்டு. நீரிழப்பு, படுக்கைப்புண், தசைச்சிதைவு ஆகியன இதனால் நேரலாம். கேம்பிரிட்ஜில் 90 அகவை கடந்தோரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், உதவி அழைப்புக் கருவி இருந்தும் தனியே விழுந்தவர்களுள் பெரும்பாலோர் அதனைப் பயன்படுத்தவில்லை எனத் தெரியவந்தது.

தமிழ்நாட்டில்

2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்கள்தொகையில் 60 அகவை கடந்தோர் 10.4 விழுக்காட்டினர், இந்திய அளவு 8.6 விழுக்காடு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வீட்டிலேயே அளிக்கப்படுகிறது. 2025இல் தொடங்கிய தாயுமானவர் திட்டம் நியாயவிலைக் கடைப் பொருள்களை முதியோரின் வீட்டுக்கே கொண்டு செல்கிறது. இதனால் கடைக்கு நடக்கும் நடையும் வரிசையில் பேசும் பேச்சும் குறையக்கூடும்; ஆயினும் நடக்க இயலாதவரின் கதவை மாதந்தோறும் ஒருவர் தட்டுவது உறுதியாகிறது. முதியோருக்கான நாடு தழுவிய உதவி எண் 14567. அவசர ஊர்திக்கு 108.