மணமிழப்பும் நோயின் கடுமையும்



தடிமன் பிடித்தவருக்கு உணவின் மணம் தெரிவதில்லை. மூக்கு அடைபட்டால் மணம் உட்செல்ல வழியில்லை. அடைப்பு நீங்கினால் மோப்பமும் மீளும். தடிமனுக்குப் பின்னர் சிலருக்கு மோப்பம் நெடுநாள் மீளாதிருப்பதையும் வைத்தியர்கள் அறிந்திருந்தனர். எனினும், நோயை அளக்கக் காய்ச்சலையும் இருமலையும் மூச்சுத்திணறலையும் கவனித்த அளவிற்கு மோப்பத்தைக் கவனித்தாரில்லை. 2020ஆம் ஆண்டு அந்த வழக்கத்தை மாற்றிற்று.

அவ்வாண்டின் தொடக்கத்திற் கோவிட் நோய் ஐரோப்பாவிற் பரவியபோது, காய்ச்சலும் தொடர் இருமலுமே அதன் முதன்மையான குறிகள் எனப் பிரித்தானிய அரசு அறிவித்திருந்தது. ஆனால், மூக்கடைப்பு இன்றியே திடீரென மணம் அற்றுப்போயிற்று என முறையிட்டோர் பலர். இத்தகையோரையும் தனிமைப்படுத்த வேண்டுமென அந்நாட்டுக் காது, மூக்கு, தொண்டை வைத்தியர் சங்கத்தார் மார்ச் மாதத்தில் எச்சரித்தனர். அரசு இக்குறியைத் தன் பட்டியலிற் சேர்த்ததோ மே 18ஆம் நாள். இடைப்பட்ட ஏறத்தாழ எட்டு வாரங்கள், மணம் மட்டும் இழந்தவரை அரசின் தனிமை விதி தீண்டவில்லை. அவர்களோ பிறருக்கு நோயைக் கொடுக்க வல்லவராய் இருந்தனர்.

மணம் எவ்வாறு அகன்றது? மணத்தை அறியும் நரம்புக்கலங்களை இவ்வைரசு பெரும்பாலும் நேரே தாக்குவதில்லை. அவற்றைத் தாங்கிப் பேணும் துணைக்கலங்களிலேயே அது புகுகின்றது என 2020இல் ஆய்வாளர் காட்டினர். பலருக்குச் சில வாரங்களில் மோப்பம் மீண்டதன் காரணமும் இதனால் ஓரளவு விளங்கிற்று.

அடுத்து எழுந்த வினா, மணமிழந்தவருக்கு நோய் இலேசானதா என்பது. ஐரோப்பாவின் 18 வைத்தியசாலைகளில் 2,581 நோயாளரிடம் விசாரித்த ஆய்வொன்று 2021இல் வெளிவந்தது. இலேசான நோயுற்றோருள் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் மணமிழந்ததாகக் கூறினர். கடுமையாக நோயுற்றோருள் அவ்வாறு கூறியவர் நூற்றுக்குப் பத்துப் பேரும் இலர். எனவே மணமிழப்பு நற்குறி என்று பலர் ஆறுதலடைந்தனர்.

ஆனால் மூச்சுக்குப் போராடுபவர் மணத்தைப் பற்றி முறையிடுவாரா? ஈரானின் தெஹ்ரான் நகரில் வைத்தியசாலையிற் கிடந்த 60 நோயாளருக்கு 40 மணங்களை முகரக் கொடுத்துச் சோதித்தபோது, 59 பேரிடம் மோப்பக்குறை காணப்பட்டது. நோயாளர் வாய்மொழி ஒன்று. சோதனை காட்டுவது வேறொன்று.

2021இன் இறுதியில் ஒமிக்ரோன் என்ற திரிபு பரவிற்று. அதன் நோய் பொதுவாக இலேசானது. மணமிழப்பு இலேசான நோயின் அடையாளமாயின், அது அப்போது பெருகியிருத்தல் வேண்டும். மாறாக, பிரித்தானியாவில் முந்திய டெல்டாத் திரிபின்போது நோயுற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இருந்த இக்குறி, ஒமிக்ரோன் காலத்தில் ஆறில் ஒரு பங்கினரளவாய்க் குறைந்தது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? மணமிழப்பு, நோய் வந்ததை அறிவிக்கும் குறியேயன்றி, அதன் கடுமையை அளக்கும் கோலன்று. மேலும், இலேசான நோய் எனப் பதிவேட்டில் எழுதப்பட்டவருள்ளும் சிலர் மாதக்கணக்கில் அடுப்பிற் கருகும் உணவையும் கசியும் எரிவாயுவையும் அறிய இயலாது வாழ்ந்தனர். அவர்கட்கு அந்நோய் இலேசானதன்று. சிறு குறி என ஒதுக்காது நோயாளர் சொல்லுக்குச் செவிசாய்ப்பதும், பின்னர் அச்சொல்லைச் சோதித்தறிவதும் வைத்தியத்தின் இரு கடமைகள் என்பதை அந்த ஆண்டுகள் நமக்குக் கற்பித்தன.