சங்கிலியைக் காட்டிய படம்

2001, ஆகஸ்ட் 7. திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பனியன் கம்பெனிப் பையன்கள் நாலைந்து பேர், ஷிப்ட்டுக்குப் போவதற்கு முன்னால் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். முதல் பக்கம் கைமாறியபோது மட்டும் பேச்சு நின்றுபோனது. கரிக்கட்டையாகக் கிடந்த உடல்கள். கூடவே சங்கிலி. தீ அந்தச் சங்கிலியை ஒன்றுமே செய்யவில்லை.

'ஏர்வாடிங்கண்ணா... எங்க ஊருக்குப் பக்கம்தான்' என்றான் ராமநாதபுரத்துப் பையன்.

'கட்டிப் போட்டிருக்காங்கன்னு உங்களுக்கெல்லாம் தெரியுமாடா?' என்று கேட்டார் டீ மாஸ்டர்.

'எல்லாருக்கும் தெரியும்ண்ணா.'

அந்தப் பதில்தான் இத்தனை வருஷமாக என்னை உறுத்துகிறது. ஏர்வாடி தர்காவுக்குப் போய்வந்தவர்கள் அத்தனை பேரும் அந்தச் சங்கிலிகளைப் பார்த்தவர்கள்தான். மனநிலை பாதிக்கப்பட்டவர்களை எல்லா மதத்துக்காரர்களும் அங்கே கூட்டி வந்தார்கள். நம்பிக்கை ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு: தமிழ்நாடு முழுமைக்கும் அரசு மனநல மருத்துவமனை என்றால் சென்னை கீழ்ப்பாக்கம் ஒன்றுதான். ராமநாதபுரத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல்! தர்காவைச் சுற்றிக் காப்பகங்கள் என்ற பெயரில் கீற்றுக் கொட்டகைகள் முளைத்தன. வீட்டார் மாசாமாசம் பணம் அனுப்பினார்கள். அப்படி ஒரு கொட்டகையான மொய்தீன் பாதுஷா காப்பகத்தில் ஆகஸ்ட் 6 விடியற்காலையில் தீப்பிடித்தது. கட்டிப்போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை.

செய்தி வெளியானதும் உச்ச நீதிமன்றம் யாரும் மனுப் போடாமலே தானாக வழக்கை எடுத்தது. ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 13-ம் தேதி, அந்த மாதிரி காப்பகங்கள் மூடப்பட்டன. 500 பேருக்கு மேல் அரசுப் பொறுப்பில் வந்தார்கள். பல வருஷமாக ஊரே பார்த்தும் அசையாத ஒன்றை, படமும் செய்தியுமாகச் சேர்ந்து ஏழு நாளில் அசைத்துவிட்டன.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று மறுத்த அமெரிக்க இளைஞர்கள் சுமார் 3,000 பேரை, அந்த நாட்டு அரசு மனநோய் விடுதிகளுக்கு வேலைக்கு அனுப்பியது. அவர்களில் ஒருவர் சார்லி லார்ட். பிலடெல்பியாவின் பைபெர்ரி விடுதியில் உதவியாளர். சட்டைக்குள் சின்ன காமிராவை மறைத்துக்கொண்டு போவார். ஆள் இல்லாத நேரம் பார்த்து 'க்ளிக்'! துணியில்லாமல், சிமென்ட் தரையில், சுவரோரம் குந்தியிருக்கும் மனிதர்கள். 1946 மே மாதம் 'லைஃப்' பத்திரிகை அந்தப் படங்களைப் போட்டபோது அமெரிக்கா அதிர்ந்துபோனது. ஹிட்லரின் முகாம்களை அப்போதுதான் படத்தில் பார்த்து முடித்திருந்தார்கள். நம்ம ஊரிலுமா என்று பதறினார்கள். ஆனாலும் பைபெர்ரியை இழுத்து மூட 1990 வரை ஆனது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இத்தாலியில் கார்லா செராட்டி, ஜான்னி பெரெங்கோ கார்தின் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் விடுதிகளுக்குள் எடுத்த படங்கள் 1969-ல் புத்தகமாக வந்தன. அதை வெளிக்கொண்டுவந்த டாக்டர் பசாலியாவின் இயக்கம், 1978-ல் விடுதிகளையே மூடச்சொல்லும் சட்டத்தில் போய் முடிந்தது.

எல்லாம் சரி. படத்தில் இருந்தவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

1850-களில் இங்கிலாந்தின் சர்ரே விடுதியில் டாக்டர் ஹ்யூ டயமண்ட், தன் நோயாளிகளைப் படமெடுத்து, அதை அவர்களிடமே காட்டினார். தன் முகத்தைத் தானே பார்த்தால் குணமாகும் என்று நம்பினார். அந்த வைத்தியம் இருக்கட்டும். படத்தை முதலில் பார்க்க வேண்டியவர் அதில் இருப்பவர்தான் என்று அவருக்குத் தோன்றியதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இரண்டையும் சொல்கிறது. எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது. சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமில்லாமல் பத்திரிகைக்குத் தரவும் கூடாது. நியாயம்தான். ஆனால், 'உள்ளே படம் எடுக்கக் கூடாது' என்ற போர்டு நோயாளியின் மானத்தைக் காக்கிறதா, பூட்டுப் போட்டவரின் மானத்தைக் காக்கிறதா? சார்லி லார்ட் வாசலில் அனுமதி கேட்டிருந்தால் ஒரு படம்கூடக் கிடைத்திருக்காது. 2019-லும் உத்தரப்பிரதேசம் பதாயூனில் சங்கிலியில் கிடந்தவர்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் விசாரிக்க வேண்டிவந்தது.

ஏர்வாடி வழக்குக்கு நீதிமன்றம் வைத்த பெயரே, சங்கிலியில் செத்த 25 பேரின் மரணம் குறித்து என்பதுதான். காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் மூன்று பேர் பிறகு இறந்தார்கள். மொத்தம் 28. சட்டப் புத்தகங்களில் இன்றைக்கும் 25 என்றே இருக்கிறது.