நாணயத்தின் நாணயம்

திருத்தணி என்றதும் மலை நினைவுக்கு வரும். மலை என்றதும் உண்டியல் நினைவுக்கு வரும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்குவோரின் மடியில் முடிந்த காசு எங்கே போய்ச் சேரும் என்பதைக் கே.ஜி.கண்டிகைச் சிறுவனும் அறிவான். காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கற்றுத் தந்தனர். காணிக்கையாக்கக் கற்றுத் தந்தனர். காசைப் படிக்க மட்டும் எவரும் கற்றுத் தரவில்லை!

காசைப் படிப்பதா என்று கேட்பீர்கள். ஆம், தோழர்களே! காசும் ஓர் ஏடுதான். அதில் எழுதியவர் யார், எழுத வைத்தவர் யார், எழுதாமல் விட்டது எது என்று ஆராய்வதே பகுத்தறிவு.

1888இல் திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணனின் 125ஆம் பிறந்த ஆண்டு நினைவாக, 2015இல் இந்திய அரசு 125 ரூபாய் நாணயம் ஒன்றை வெளியிட்டது. அதில் பாதி வெள்ளி. உப்பு புளி வாங்குவதற்கல்ல, பெட்டியில் வைத்துப் போற்றுவதற்கே அது. இத்தகைய நினைவு நாணயங்களைத் தேடிச் சேர்ப்போர் எல்லா நாடுகளிலும் உண்டு. அந்தக் கலை பெரிதும் வளர்ந்த இடம் அமெரிக்கா. 1892 முதல் 1954 வரை அங்கே வெளிவந்த வெள்ளி நினைவு நாணயங்களில் அரை டாலர் 48 வகை, கால் டாலர் ஒன்று, டாலர் ஒன்று. ஆக 50 வகை. அவற்றை முழுமையாகச் சேர்ப்பதைச் சாதனையாகக் கருதுவர். நாமும் அந்தப் பேழையைத் திறப்போம். போற்ற அல்ல, படிக்க.

முதலில் வருபவர் கொலம்பஸ். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பணம் திரட்டவே அந்த அரை டாலர் பிறந்தது. விற்ற விலையோ ஒரு டாலர்! அதில் இருப்பது அவர் முகம்தானா? அவரை நேரில் கண்டு வரைந்த படம் எதுவும் கிடையாது. முகம் கற்பனை, விலை மட்டும் உண்மை.

அதே கண்காட்சியில் பெண்கள் குழு ஒன்று தங்களுக்கும் ஒரு நாணயம் வேண்டுமெனக் கேட்டது. கிடைத்தது கால் டாலர். ஒரு பக்கம் ஸ்பெயின் நாட்டு இராணி இசபெல்லா. மறுபக்கம் மண்டியிட்டு நூல் நூற்கும் பெண்! உரிமை கேட்டவளுக்கு முடிசூடியவளின் முகத்தையும், முழந்தாளிட்டவளின் உருவத்தையும் தந்தனர். நம் ஊர் நிலையை நினைத்துப் பாருங்கள்; அமெரிக்கா வெகுதூரத்தில் இல்லை.

அடுத்தது 1925. ஜார்ஜியா மாநிலத்து ஸ்டோன் மலையில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்னாட்டுத் தலைவர்களின் உருவங்களைச் செதுக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். வந்தது அரை டாலர். அதில் குதிரைமீது அமர்ந்திருந்தனர் இலீயும் ஜாக்சனும். தென்னாட்டுப் படைவீரனின் தீரத்துக்கு நினைவு என்ற வாசகமும் பொறிக்கப்பட்டது. கறுப்பரை வேட்டையாடிய கு கிளக்ஸ் கிளான் கூட்டம் 1915இல் புத்துயிர் பெற்றது அதே மலைமேல்தான்! சவுக்கடி பட்டவன் முதுகு அந்த நாணயத்தில் இல்லை. சவுக்கை விடமாட்டோம் என்று வாளெடுத்தவர் முகமே இருந்தது.

இருபத்தோரு ஆண்டுகள் கழிந்தன. 1946இல் அதே எடை, அதே வெள்ளியில் வேறொரு முகம் வந்தது. 1856இல் அடிமையாகப் பிறந்து, 1881இல் டஸ்கீஜி கல்வி நிலையத்தைத் தொடங்கி வளர்த்த புக்கர் வாஷிங்டன்! அமெரிக்க நாணயத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பர் அவரே. வடித்த சிற்பி ஐசக் ஹாதவேயும் கறுப்பரே. மறுபக்கத்தில் மேலே புகழ் மண்டபம், கீழே அடிமைக் குடிசை. அவருடைய வழியை ஏற்காத கறுப்பின அறிஞர்களும் உண்டு. எனினும், அடிமைக் குடிசை அரசாங்க வெள்ளியில் ஏறியது சிறிய செய்தியா?

ஆனால் சந்தை என்ன செய்தது? நாணயம் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. எஞ்சியவற்றில் பல உருக்கப்பட்டன. 1951இல் அவரோடு அறிஞர் கார்வரையும் சேர்த்துப் புது நாணயம் வந்தது. அதன் வருவாயால், கறுப்பரிடையே பொதுவுடைமை பரவாமல் தடுக்க வேண்டுமெனச் சட்டம் கூறிற்று! முகம் அடிமையின் மகனுடையது, காரியமோ ஆள்வோருடையது.

இன்னொன்றையும் கேளுங்கள். 1936இல் சின்சினாட்டி நகரம் இசைத் தலைநகராகி 50 ஆண்டு நிறைந்ததென்று ஒரு நாணயம் வந்தது. 1886இல் அங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை! நாணய வணிகர் ஒருவர் ஆதாயத்துக்குச் செய்த ஏற்பாடு. இல்லாத நிகழ்ச்சிக்கு ஆண்டுவிழா! நம் தலபுராணக்காரர்களே தோற்றுப்போவர். அடித்தது சுமார் 15,000 மட்டுமே. ஆகவே இன்று அதற்கு விலை அதிகம். எளிதில் கிடைக்கும் புக்கர் வாஷிங்டனுக்கு விலை குறைவு. பொய் அரிதாயிருந்தால் பொன் விலை. மெய் பெருகிக் கிடந்தால் மலிவு விலை. இதுதான் சந்தையின் நீதி!

இந்தக் கண்ணோடு நம் பக்கம் திரும்புவோம். 2009இல் பேரறிஞர் அண்ணாவின் நூற்றாண்டு நினைவாக ஐந்து ரூபாய் நாணயம் வந்தது. 2024இல் வந்த கலைஞரின் நூறு ரூபாய் நாணயத்தில் ‘தமிழ் வெல்லும்’ என்ற சொல் ஏறியது. மகிழ்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் நம்மவர் முகம் என்பதற்காகக் கேள்வியைக் கைவிட்டால், உண்டியல் முன் நிற்பவனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? சிலை உடைத்துக் காசு செய்து, காசையே சிலையாக்குவதா?

இளைஞர்களே, நாணயம் சேருங்கள், தவறில்லை. பாட்டியின் பெட்டியில் கிடக்கும் விக்டோரியா இராணித் தலை வெள்ளி ரூபாயானாலும், கடையில் மீதியாக வரும் ஐந்து ரூபாயானாலும், திருப்பிப் பாருங்கள். கேட்டது யார்? ஆதாயம் யாருக்கு? இடம் பெறாதவர் யார்? இம்மூன்று கேள்விகளையும் கேட்பவனே நாணயத்தின் நாணயத்தை அறிவான். அச்சாலையில் அடிக்கப்படாத முகங்கள் கோடி உண்டு. கே.ஜி.கண்டிகை வயல்களில் கதிரறுத்த கைகள் எந்த வெள்ளியிலும் இல்லை. அவர்களுக்கு நினைவுச் சின்னம் வெள்ளி அல்ல. வெளுத்து வரும் அறிவு. அதை அடிக்கும் அச்சு நம் கையில்தான் இருக்கிறது!